காது கேளாத குழந்தை கைநழுவிப் போகாமல் இருக்க: மாவட்ட அளவில் ஒரு திட்டத்தைச் சீர்செய்ய முழுமையான வழிகாட்டி

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் கருவி தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. காது மெஷின் இலவசமாகக் கொடுக்கத் திட்டம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் மின்முனை பொருத்தும்) அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். நம் மாநிலத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆக, பிறந்த அன்றே எல்லாக் குழந்தைகளும் நம் கண்ணெதிரில்தான் இருக்கிறார்கள். அப்படியும் மூன்று வயது முடிந்த பிறகு, “இன்னும் பேச்சு வரலை” என்று முதல்முறையாகத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

கோளாறு எங்கே என்றால், பெரும்பாலும் கைமாறும் இடத்தில். பிரசவ வார்டிலிருந்து ஆடியாலஜி (செவித்திறன் சோதிக்கும்) அறைக்கு, அங்கிருந்து பெரா டெஸ்டுக்கு (ஒலி காதிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று உறுதிசெய்யும் பரிசோதனை), டெஸ்டிலிருந்து காது மெஷினுக்கு, மெஷினிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு என்று குழந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. ஒவ்வொரு கையும் தன் வேலையைச் செய்துவிடுகிறது. நடுவில் இருக்கும் இடைவெளி யாருடைய வேலையும் இல்லை. இந்த வழிகாட்டி அந்த இடைவெளியைப் பற்றியது. மருத்துவமனையில் வேலை செய்பவர்கள், சிறப்பாசிரியர்கள், தொண்டு நிறுவனம் நடத்துபவர்கள், பெற்றோர் குழுவினர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: முதலில் எண்ணுங்கள்

புதுக் கருவி கேட்டு விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். கணினியில் எக்செல் தாள் என்றாலும் சரி. போன வருடம் உங்கள் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் எத்தனை, ஸ்கிரீனிங் (முதல்கட்டக் காதுப் பரிசோதனை) ஆனவர்கள் எத்தனை, மறுபடி வரச் சொன்னதில் வந்தவர்கள் எத்தனை, பெரா முடித்தவர்கள் எத்தனை, மெஷின் போட்டவர்கள் எத்தனை, பயிற்சிக்குத் தொடர்ந்து வருபவர்கள் எத்தனை? ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஸ்கிரீனிங், மறு ஸ்கிரீனிங், பெரா, மெஷின், பயிற்சி என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு எண்பது பேர் வந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் எண்பது நல்ல மதிப்பெண். ஆனால் ஐந்து கட்டங்களையும் தாண்டி வருபவர்கள் நூற்றுக்கு 33 பேர்தான். காது கேளாத குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே காணாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு பிரிவும் “எங்கள் பக்கம் எல்லாம் நன்றாகத்தான் போகிறது” என்று உண்மையாகவே சொல்ல முடிவது இதனால்தான்.

இந்தக் கணக்கைத் தேதிகளோடு சேர்த்து எழுத வேண்டும். உலகம் முழுவதும் பின்பற்றப்படும் இலக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்று மாதத்துக்குள் உறுதியான பரிசோதனை முடிவு, ஆறு மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும். அமெரிக்காவின் குழந்தைச் செவித்திறன் கூட்டுக் குழு வகுத்த அளவுகோல் இது. ஏற்கெனவே இதை எட்டிவிட்ட இடங்கள் 1-2-3 என்று இன்னும் இறுக்கிக்கொள்ளலாம் என்று 2019-இல் அதே குழு சொன்னது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், 1-3-6 போதும். ஆறு மாதம் என்பது யாரோ போகிற போக்கில் குறித்த கெடுவும் இல்லை. கொலராடோவில் கிறிஸ்டீன் யோஷினாகா இட்டானோ குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்தது.

எந்தக் கட்டத்தில் அதிகம் பேர் உதிர்கிறார்களோ அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள். பல இடங்களில் அது இரண்டாவது கட்டம், அதாவது மறுபடி வரச் சொன்னவர்கள் வராமல் போவது.

படி 2: ஸ்கிரீனிங்கை ஒழுங்காகச் செய்யுங்கள்

வார்டில் பயன்படுத்துவது பெரும்பாலும் ஓஏஇ கருவி. காதுக்குள் சின்ன முனையை வைத்து ஒலி அனுப்பினால், உள்காதிலிருந்து திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைப் பதிவு செய்யும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது. தவறான முடிவு வருவதும் சுலபம். பிறந்த முதல் நாளில் காதுக் குழாயில் பனிக்குட நீரும் வெள்ளைப் படிவும் அடைத்திருக்கும். அப்போது பார்த்தால் நல்ல காதுள்ள குழந்தைக்கும் ‘ரெஃபர்’ (தேறவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்) என்றுதான் வரும். 24 மணி நேரம் கழித்து, முடிந்தால் வீட்டுக்கு அனுப்பும் நாளன்று காலையில் பாருங்கள். சிசேரியன் குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

இடமும் முக்கியம். வார்டு நடுவில், மின்விசிறிச் சத்தத்திலும் பார்வையாளர் பேச்சிலும் இந்தப் பரிசோதனை சரிவராது. கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறை, பால் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தை, பொறுமையான ஓர் ஆள் என மூன்றும் இருந்தால் ரெஃபர் எண்ணிக்கை பாதியாகக்கூட விழும். இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஆண்டுக்கு 20,000 பிரசவம் நடக்கும் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 95 விழுக்காடு குழந்தைகளுக்கு ஸ்கிரீனிங் ஆனால் 19,000. அதில் 4 விழுக்காடு பெரா டெஸ்டுக்குப் போனால் 760 பேர், வேலை நாளொன்றுக்கு இரண்டு மூன்று பேர். ஒரு ஆடியாலஜிஸ்ட் சமாளித்துவிடுவார். அதுவே 15 விழுக்காடு என்றால் 2,850 பேர், நாளுக்கு ஒன்பது பத்து. பெரா டெஸ்ட் ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும். காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். நிரந்தரக் கேட்புக் குறை இருக்கக்கூடிய குழந்தைகளோ ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று பேர், அதாவது அந்த மாவட்டத்தில் இருபதிலிருந்து அறுபது பேர் வரைதான். அவர்கள் அந்த வரிசையின் நடுவில் எங்கோ சிக்கிக்கொள்வார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு ஓஏஇ மட்டும் போதாது. கடும் மஞ்சள் காமாலையில் ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைகள், பிறக்கும்போது மூச்சுத் திணறியவர்கள் ஆகியோருக்கு உள்காது வேலை செய்தும் நரம்பு வழியில் பழுது இருக்கலாம். ஓஏஇ அவர்களைத் ‘தேர்ச்சி’ என்று சொல்லி அனுப்பிவிடும். நரம்பு வழியையும் சேர்த்துப் பார்க்கும் தானியங்கி ஏபிஆர் கருவி (பெரா டெஸ்டின் எளிய வடிவம்) அவர்களுக்குத் தேவை. அந்தக் கருவி இல்லாத மருத்துவமனை, இந்தக் குழந்தைகளை நேராகப் பெரா டெஸ்டுக்கு எழுதிவிட வேண்டும்.

எல்லா மருத்துவமனைக்கும் கருவி வாங்க முடியாது, சிறிய தனியார் மருத்துவமனைகள் வாங்கவும் மாட்டார்கள். கேரளத்தில் இதற்கு ஒரு நல்ல விடை கண்டார்கள். கொச்சியில் குழந்தை மருத்துவர் ஆபிரகாம் பால் முன்னின்று 2003-இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் கையடக்க ஓஏஇ கருவியை எடுத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகப் போனார். இருமுறை தேறாத குழந்தைகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் குழந்தைகளும் மட்டும் ஒரு பொது மையத்தில் ஏபிஆர் பரிசோதனைக்கு வந்தார்கள். அரசு, தனியார் என்று பாராமல் பல மருத்துவமனைகள் ஒரே கருவியையும் ஒரே ஆளையும் பகிர்ந்துகொண்டன. ஒருங்கிணைப்பு என்று மேடையில் பேசுகிறோமே, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். உங்கள் ஊரில் ஐந்து பிரசவ மருத்துவமனைகள் இருந்தால், வாரத்தில் எந்தக் கிழமை எங்கே என்று ஒரு அட்டவணை போட்டாலே போதும்.

படி 3: தாயிடம் என்ன சொல்கிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

பிரசவமாகி இரண்டாம் நாள். தையல் வலி, தூக்கமில்லை, சுற்றிலும் உறவினர்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து “ஃபெயில் ஆயிருக்கு, மறுபடி வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். தாய் இடிந்துபோவாள், அல்லது வீட்டுப் பெரியவர்கள் “மெஷின் சரியில்லை, குழந்தை நல்லாத்தான் இருக்கு” என்று முடித்துவிடுவார்கள். இரண்டுமே குழந்தையை மறுபடி கொண்டுவராது.

இப்படிச் சொல்லலாம்: “இன்னைக்குப் பார்த்ததுல முடிவு தெளிவா வரலைம்மா. காதுல தண்ணி இருந்தாலும் இப்படி வரும். நிறையக் குழந்தைங்களுக்கு ரெண்டாவது தடவை சரியாயிடும். ஒருவேளை குறை இருந்தா, சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லாப் பேச வைக்கலாம். ஒன்றரை மாசத் தடுப்பூசிக்கு வர்றப்ப இங்கேயும் வந்துடுங்க.” பயமும் இல்லை, அலட்சியமும் இல்லை, அடுத்து எப்போது, எங்கே என்பதும் இருக்கிறது. இதை அச்சடித்து, பரிசோதனை செய்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். பரிசோதனை முறையை விளக்க அரை மணி நேரம் வகுப்பெடுக்கிறோம். தாயிடம் பேசும் இரண்டு நிமிடத்துக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

தேறிய குழந்தைகளின் தாய்க்கும் ஒரு வாக்கியம் வேண்டும்: “இன்னைக்கு நல்லா இருக்கு. ஆனா வளர வளரப் பேச்சையும் காதையும் கவனிச்சுக்கோங்க.” பிறகு வரும் கேட்புக் குறைகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டில் கிளம்பும் தடைகளையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். “தட்டைத் தட்டினா திரும்பிப் பார்க்கிறானே” என்பார்கள். தரை அதிர்வதையும் நிழல் அசைவதையும் கண்டு குழந்தை திரும்பும், அது கேட்பதற்குச் சான்று ஆகாது. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்பது அடுத்தது. நாக்கில் வசம்பு தடவிப் பார்க்கலாம் என்பார் பாட்டி. பாட்டியை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள், குழந்தையைக் கூட்டிவருவதா வேண்டாமா என்று பல வீடுகளில் முடிவெடுப்பவர் அவர்தான். அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுவதையும் வாயால் ஊதுவதையும் நிறுத்தச் சொல்ல அதுவே நல்ல சமயம்.

படி 4: இரண்டு முகவரி, மூன்று செல் நம்பர்

இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன். நம் ஊரில் பெண் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டுக்குத் திரும்புகிறாள். மருத்துவமனைச் சீட்டில் இருப்பது தாய்வீட்டு முகவரி. தந்திருக்கும் செல் நம்பர் கணவருடையது, அவர் வேலைக்கு வெளியூர் போயிருப்பார். பெரா டெஸ்டுக்கான நாள் வரும்போது குழந்தை வேறு மாவட்டத்தில் இருக்கும். மேலைநாட்டுக் கையேடுகளில் இந்தச் சிக்கல் இருக்காது. அவற்றை அப்படியே பின்பற்றினால் நாம் இங்கேதான் தோற்போம்.

ஆகவே ரெஃபர் ஆன ஒவ்வொரு குழந்தைக்கும் தாய்வீடு, கணவர் வீடு என்று இரண்டு முகவரி. தாய், தந்தை, பாட்டி என்று மூன்று எண்கள். எந்த மாதம் ஊர் மாறுவார்கள் என்று கேட்டு அதையும் குறியுங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பம் பதியும்போதே பிக்மி என்ற அரசு இணையதளத்தில் ஒவ்வொரு தாய்க்கும் ஆர்சிஎச் எண் என்ற தனி அடையாள எண் கிடைக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும் என்பதால் அது தொலையாது. உங்கள் பதிவேட்டிலும் அதே எண்ணை முதல் பத்தியில் எழுதுங்கள். குழந்தை எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் அதை வைத்துத் தேட முடியும்.

மறு ஸ்கிரீனிங்கைத் தனி நாளில் வைக்காதீர்கள். பிறந்த ஆறாவது வாரத்தில் எப்படியும் தடுப்பூசிக்கு வருவார்கள், அதே நாளில், முடிந்தால் அதே கட்டடத்தில் காதையும் பார்த்துவிடுங்கள். பத்தாவது, பதினான்காவது வார ஊசிகள் அடுத்தடுத்த வாய்ப்புகள். தடுப்பூசி போடும் செவிலியரின் மேசையில் ரெஃபர் குழந்தைகளின் பட்டியல் இருக்க வேண்டும். வேறு நிறத்தில் ஒரு ஸ்டிக்கரைத் தாய் சேய் அட்டையில் ஒட்டிவிட்டால் பட்டியலைத் தேடும் வேலைகூட இல்லை. செலவு என்று பார்த்தால் ஸ்டிக்கர் காசுதான்.

கடைசியாக, ஒரு பெயர். வராத குடும்பத்துக்குப் போன் செய்யும் பொறுப்பு யாருடையது என்று ஒரே ஒரு ஆளின் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ‘குழு’ என்று எழுதினால் யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

படி 5: பெரா டெஸ்டை ஒரே நாளில் முடிக்க வழி செய்யுங்கள்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை வயிறு நிறைந்தால் தானாகத் தூங்கும், மயக்க மருந்து இல்லாமலே டெஸ்ட் எடுத்துவிடலாம். ஆறு மாதம் தாண்டினால் பெரும்பாலும் தூக்கத்துக்கு மருந்து கொடுக்க வேண்டி வரும், அதற்குக் குழந்தை மருத்துவர் உடனிருக்க வேண்டும், நாள் தள்ளிப்போகும். தாமதம் இன்னும் தாமதத்தையே பெற்றெடுக்கிறது.

குடும்பம் வருவதற்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். நெற்றியில் பெரிய மைப்பொட்டு வேண்டாம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டுவதால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள், இங்கே வந்து பால் கொடுத்துத் தூங்கவைக்கலாம். இந்த நான்கைந்து வரிகள் சொல்லப்படாததால் “குழந்தை தூங்கவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்படும் குடும்பங்கள் எத்தனையோ. ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழந்தவர்கள் இரண்டாம் முறை வருவது சந்தேகம்.

பஸ் என்றதும் ஒன்று. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வரப் பலருக்குப் புறநகர்ப் பேருந்துதான். குறை உறுதியாகி அடையாள அட்டை வந்த பிறகு பயணச் சலுகைகள் உண்டு. அட்டை வரும்வரை உள்ள பயணங்களுக்கு எதுவும் இல்லை, குடும்பங்கள் உதிர்வதோ அந்தக் காலத்தில்தான். உள்ளூர் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களிடம் கேட்க வேண்டியது இந்தப் பயணச் செலவைத்தான். அவர்கள் முகாம் நடத்தித் தருகிறோம் என்பார்கள். முகாம் வேண்டாம், பஸ் காசு கொடுங்கள் என்று தைரியமாகக் கேளுங்கள்.

மலைக் கிராமங்களுக்கும் தொலைதூர வட்டங்களுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் செவித்திறன் துறையினர், கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கே ஓஏஇ பார்க்கப் பயிற்சி கொடுத்து, தேறாத குழந்தைகளுக்கு வேனில் ஏபிஆர் கருவியைக் கொண்டுபோய், நகரத்திலிருக்கும் ஆடியாலஜிஸ்ட் இணையம் வழியாகப் பரிசோதிக்கும் முறையைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

முடிவைச் சொல்லும் நாளில் அவசரம் வேண்டாம். அப்பா அம்மா இருவரையும் வரவழைத்து, கதவைச் சாத்தி, நேரம் கொடுத்துப் பேசுங்கள். வெளியே போகும்போது அவர்கள் கையில் அடுத்த வருகைத் தேதியும், இதே வழியில் நடந்த இன்னொரு பெற்றோரின் எண்ணும் (அவர் சம்மதத்தோடு) இருக்கட்டும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்றால் அன்றே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். மரபணு ஆலோசனை தேவைதான், அடுத்த குழந்தைக்கும் அது உதவும், ஆனால் அது வேறொரு நாளைய பேச்சு.

படி 6: காது மெஷின், காகிதம், காதச்சு

குறை உறுதியான ஒரு மாதத்துக்குள் மெஷின் காதில் ஏற வேண்டும். நடைமுறையில் மருத்துவச் சான்று, அடையாள அட்டை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக விண்ணப்பம், ஒதுக்கீடு என்று காகிதம் ஊர்ந்து வரும். இதற்கு இரண்டு மருந்துகள். ஒன்று, மாதத்தில் ஒரு நாள் காது மூக்கு தொண்டை மருத்துவரும், ஆடியாலஜிஸ்டும், நல அலுவலகப் பணியாளரும் ஒரே அறையில் உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் ஒரே மேசையில் முடிப்பது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இதற்கு ஏற்ற இடம். 2013-இல் தேசியச் சிறார் நலத் திட்டம் தொடங்கியபோது இந்த மையங்களை உருவாக்கியதன் நோக்கமே எல்லாச் சேவையும் ஒரே கூரையின் கீழ் என்பதுதான். இரண்டாவது, இரவல் மெஷின் வங்கி. காகிதம் முடியும்வரை போட்டுக்கொள்ளச் சில டிஜிட்டல் மெஷின்கள் மையத்திலேயே இருக்கட்டும். இம்ப்ளான்ட் ஆன குழந்தைகள் விட்டுச்சென்ற பழைய மெஷின்களைக் கேட்டு வாங்கினாலே வங்கி தொடங்கிவிடலாம்.

இந்த வங்கிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் குறை இருந்தால்தான் ‘கேட்புக் குறைபாடு’. ஐம்பது டெசிபல் குறையுள்ள குழந்தைக்கு அட்டை கிடைக்காது, அட்டை இல்லாவிட்டால் இலவச மெஷினும் கிடைக்காது. ஒரு காது மட்டும் கேளாத குழந்தைக்கும் இதே கதை. ஐம்பது டெசிபல் குறை என்பது சாதாரணப் பேச்சில் பெரும்பகுதியை இழப்பது. இந்தக் குழந்தைகள் திட்டத்தின் கணக்கில் ‘கண்டறியப்பட்டவர்’ என்று பதிவாகி, கையில் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள். இவர்களுக்கென்று தனியாக நிதி திரட்டுங்கள்.

அப்புறம் காதச்சு, அதாவது மெஷினைக் காதில் பொருத்தக் குழந்தையின் காதளவுக்கு வார்க்கும் முனை. கைக்குழந்தையின் காது வேகமாக வளர்வதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய அச்சு எடுக்க வேண்டும். அச்சு தளர்ந்தால் மெஷின் ‘கீ’ என்று கத்தும், தாய் எரிச்சலில் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவாள். மெஷின் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் திட்டங்கள் இங்கே தடுக்கி விழுகின்றன. அச்சு, பேட்டரி, ஈரம் உறிஞ்சும் டப்பா இவற்றுக்கு ஆண்டு முழுவதும் பணம் ஒதுக்குங்கள். நம் ஊர் வியர்வைக்கு அந்த டப்பா ஆடம்பரம் இல்லை.

காக்ளியர் இம்ப்ளான்ட் வேண்டிய குழந்தைகளுக்கு அறுவைக்கு முன்பே பெற்றோரிடம் மூன்று விஷயங்கள் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்: கருவியை இயக்குவது சில வாரம் கழித்துத்தான், மேப்பிங்குக்கு (கருவியின் ஒலி அளவைக் குழந்தைக்கேற்பச் சரிசெய்வதற்கு) திரும்பத் திரும்ப வர வேண்டும், வாரண்டி முடிந்த பிறகு வெளிக்கருவியின் வயரும் காயிலும் (தலையில் ஒட்டும் வட்டு) பழுதானால் செலவு கையைக் கடிக்கும். அறுவை சிகிச்சை ஒரு நாள் வேலை, மீதி எல்லாம் வருடக்கணக்கு.

படி 7: மொழி காத்திருக்கக் கூடாது

பயிற்சியின் மையம் தாய், மையத்தில் நடக்கும் முக்கால் மணி நேரம் அல்ல. சென்னை அடையாறில் பால வித்யாலயா 1969 முதல் கைக்குழந்தையிலிருந்தே தொடங்கி, தாயையும் உடன் உட்காரவைத்துப் பேச்சுவழிக் கல்வி கற்பித்து வருகிறது. தமிழ்நாட்டு ஆரம்பநிலை மையங்களுக்கு அது ஒரு முன்னுதாரணம். குளிப்பாட்டும்போதும், சோறூட்டும்போதும், துணி மடிக்கும்போதும் பேசிக்கொண்டே செய்யத் தாய்க்குக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சி.

எந்த மொழியில் பேசுவது? வீட்டு மொழியில். வாணியம்பாடியில் உருது பேசும் வீடு, மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடு, திருப்பூரில் ஒடியாவோ இந்தியோ பேசும் தொழிலாளர் வீடு. பயிற்சியாளருக்குத் தமிழ் மட்டும் தெரியும் என்பதற்காகத் தாயைத் தனக்குச் சரளமில்லாத மொழியில் பேசச் சொன்னால் அவள் பேசுவதையே குறைத்துக்கொள்வாள். ஆங்கிலத்தில் பேசினால் பள்ளிக்கு நல்லது என்ற ஆசைக்கும் இதே பதில்.

சைகை மொழி பற்றிய என் கருத்தை மறைக்கவில்லை. ‘சைகை கற்றால் பேச்சு வராது’ என்று பல மையங்களில் இன்னும் பெற்றோரைப் பயமுறுத்துகிறார்கள். மெஷின் வருவதற்கும், இம்ப்ளான்ட் நடப்பதற்கும், பேச்சு பிடிபடுவதற்கும் மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். அதுவரை குழந்தைக்குப் பசி, வலி, ஆசை எதையும் சொல்ல மொழி இல்லாமல் வைத்திருப்பது கொடுமை. இந்திய சைகை மொழிக்கு 2015 முதல் டெல்லியில் தனி ஆய்வு, பயிற்சி மையம் இருக்கிறது, பத்தாயிரம் சொற்கள் கொண்ட காணொளி அகராதியும் வந்திருக்கிறது. எந்த வழி என்று பெற்றோர் முடிவு செய்யட்டும். ஆனால் இரண்டு வழியையும் நேர்மையாகக் காட்டிய பிறகு முடிவு செய்யட்டும். வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் காது கேளாத ஒருவரை அவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். “என் பிள்ளை எதிர்காலம் என்னாகும்” என்ற கேள்விக்கு எந்த மருத்துவரும் தர முடியாத பதில் அது.

பெற்றோரே காது கேளாதவர்களாக இருந்தால்? நம் திட்டங்களில் இவர்களுக்கென்று எதுவுமே யோசிக்கப்படவில்லை. காது கேளாதோருக்கான திட்டம் தொலைபேசியில் அழைத்து நாள் குறிப்பது எவ்வளவு முரண்! குறுஞ்செய்தி அல்லது வீடியோ அழைப்பு, வருகையன்று சைகை மொழிபெயர்ப்பாளர், பெயரைக் கூப்பிடாமல் திரையிலோ பலகையிலோ எண் காட்டுவது என்று இவ்வளவு செய்தாலே அவர்களுக்கு வாசல் திறந்துவிடும். எழுத்து வாசிக்காத மற்றத் தாய்மார்களுக்கும் படம் போட்ட அட்டை உதவும்.

படி 8: மாதம் ஒரு மணி நேரக் கூட்டம்

குழந்தை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், ஆடியாலஜிஸ்ட், சுகாதார செவிலியர்களின் பிரதிநிதி, நல அலுவலகப் பணியாளர், சிறப்பாசிரியர், கட்டாயம் ஒரு பெற்றோர். மாதம் ஒருமுறை உட்காருங்கள். விழுக்காடு பேசாதீர்கள், எந்தக் குழந்தை எங்கே நிற்கிறது, யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்வார் என்று மட்டும் பேசுங்கள். அடுத்த கூட்டம் அந்தத் தேதிகளில் தொடங்கட்டும். அறிக்கை, பவர்பாயின்ட், டீ பிஸ்கட் மூன்றில் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தனிப்பட்ட விவரங்கள் பேசப்படுவதால் பெற்றோரின் சம்மதம் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

படி 9: பிறகு வரும் குறைகளும் பள்ளி வாசலும்

பிறந்தபோது தேறிய குழந்தைக்கும் பின்னால் கேட்புத்திறன் போகலாம். கருவிலேயே சிஎம்வி வைரஸ் தாக்கியவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள், பரம்பரையில் குறை உள்ளவர்கள் ஆகியோரை மூன்று வயது வரையாவது தொடர்ந்து பாருங்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின்போது செவிலியர் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: பெயர் சொன்னால் திரும்புகிறதா, ‘பாபா, தாதா’ என்று மழலை வருகிறதா. அந்த ஊசியே ஒரு தடுப்புதான். கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் காது கேளாமல் போகும் ஆபத்து அதிகம். நாட்டளவிலான இந்தத் தடுப்பூசி இயக்கம் 2017-இல் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அந்தத் தேதிக்கு முன்பே அங்கன்வாடிப் பணியாளர், பேச்சு பின்தங்கிய குழந்தைகள், காதில் சீழ் வடியும் குழந்தைகள் பெயரைக் குறித்து வைக்கட்டும். வேனிலிருந்து இறங்கியவர்கள் எல்லாக் குழந்தையையும் ஒரே வேகத்தில் பார்த்துவிட்டுப் போவதைவிட அது பலன் தரும். ஆபத்து நிலையிலுள்ளவர்களைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்பது 2016 சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டுப் பெறலாம்.

பள்ளியில் சேரும்போது குழந்தையோடு ஒரே ஒரு தாள் போகட்டும். மெஷினில் கேட்கும் அளவு, பேட்டரி வகை, எங்கே உட்கார வைப்பது (ஜன்னல் வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழும் இடத்தில், மின்விசிறிக்கும் தெருச் சத்தத்துக்கும் தள்ளி), மெஷின் பழுதானால் யாரை அழைப்பது. கூடவே தினமும் காலையில் ஆசிரியர் செய்ய வேண்டிய ஒரு நிமிடச் சோதனை: வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்ல வேண்டும், குழந்தை ஒவ்வொன்றுக்கும் கை தூக்கவோ திருப்பிச் சொல்லவோ வேண்டும். நேற்றுவரை கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம், அதிலும் சரியாகவில்லை என்றால் அன்றே மையத்துக்குப் போன் செய்ய வேண்டும்.